மலையக நீர்நிலைகளில் குளிக்கத்தக்க கரைகள்: நுவரெலியா, ஹட்டன் பகுதிகள் பற்றிய ஓர் ஆய்வு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள நீர்நிலைகள், குடும்பங்கள் ஒருநாள் பொழுதைக் கழிக்கத் தேடிச் செல்லும் இடங்களாக வளர்ந்துள்ளன. நுவரெலியாவின் கிரகரி வாவி, நோர்வூட், டிக்கோயா பக்கமுள்ள காசல்ரீ, மஸ்கெலியாவின் மவுஸ்ஸாக்கலை, தலவாக்கலையின் மேல் கொத்மலை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. சித்திரை விடுமுறையில் கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற தாழ்நிலப் பகுதிகளிலிருந்து வான்களிலும் பஸ்களிலும் வருவோர் இங்கே கூடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் தீபாவளி, பொங்கல் நாட்களிலும் சுற்றியுள்ள தோட்டத்துக் குடும்பங்கள் சோற்றுப் பார்சலும் ரொட்டியும் சம்பலுமாக வந்து கரையில் அமர்கின்றன.

பார்க்கவும் படகு ஓட்டவும் உண்டு மகிழவும் இந்த நீர்நிலைகள் ஏற்றவை என்பதில் ஐயமில்லை. இறங்கிக் குளிக்கவும் நீந்தவும் ஏற்றவையா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை நீர்நிலை தோன்றிய விதம், கரையின் சரிவு, நீரின் குளிர், தூய்மை, பருவமழை, மின் உற்பத்தி, நிருவாகப் பொறுப்பு ஆகிய அனைத்தையும் சார்ந்திருக்கிறது. இக்கட்டுரை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறது.

நீர்நிலைகள் தோன்றிய வரலாறு

உலகின் பெரும்பாலான இயற்கை மலையேரிகள் பனியாறுகள் குடைந்த பள்ளங்களிலும், எரிமலை வாய்களிலும், நிலம் பிளந்து தாழ்ந்த இடங்களிலும் உருவானவை. இலங்கையின் மலைநாட்டில் பனியாறுகள் இருந்ததில்லை. அண்மைக் காலத்து எரிமலைகளும் இல்லை. அதனால் இங்கு காணப்படும் பெரிய நீர்நிலைகள் எல்லாம் மனிதர் அணை கட்டித் தேக்கியவை. கண்டி வாவியும் அப்படிப்பட்டதே. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல்நிலத்தை மறித்து அதைக் கட்டத் தொடங்கினான்.

நுவரெலியாவில் நகரை அடுத்திருந்த சதுப்புநிலம் 1873இல் நீர்நிலையாக மாற்றப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த சேர் வில்லியம் கிரகரியின் பெயரே அதற்கு நிலைத்தது. குளிர்ப்பிரதேச ஓய்வு நகரம் ஒன்றுக்கு அழகு சேர்ப்பதும் படகோட்டத்துக்கு இடமளிப்பதும் அதன் நோக்கங்கள். 1913இல் வாவியின் நீர் சுரங்கவழியாகக் கொண்டுசெல்லப்பட்டு, நகருக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூல் பகுதியில் மின்சாரம் எடுக்கவும் பயன்பட்டது.

ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கங்களின் வரலாறு முற்றிலும் மின்சாரத்தோடு பிணைந்தது. களனி கங்கையின் தலையாறுகளான கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஓர் ஆய்வுரையாக முன்வைத்தார். 1950இல் நோட்டன் அணையோடு பழைய லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவின் மேல்பகுதியில் காசல்ரீ அணை எழுந்தது. அதன் நீரால் இயங்கும் 50 மெகாவாட் மின்நிலையம் 1965 முதல் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மஸ்கெலி ஓயாவை மறித்த மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் நிறைந்தது. கென்யோன் மின்நிலையம் 1983இல் வந்தது. மகாவலிப் படுகையில், தலவாக்கலையில் அமைந்த 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் செயற்படத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் மலையக மக்களின் இழப்பும் அடங்கியிருக்கிறது. மவுஸ்ஸாக்கலை நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் உடன் மூழ்கின. நகரம் மேட்டில் புதிதாக எழுந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரிவதும், முன்னைய தலைமுறையினரும் பிள்ளைகளும் அங்கு சென்று பார்ப்பதும் வழக்கம். காசல்ரீயின் அடியிலும் முன்பு தேயிலை வளர்ந்த சரிவுகளே இருக்கின்றன. ஆக, ஒன்று நகரின் அழகுக்காகவும் மற்றவை மின்சாரத்துக்காகவும் அமைக்கப்பட்டவை. நீந்துவோரை மனதில் வைத்து இவற்றுள் எதுவும் வடிவமைக்கப்படவில்லை. கரையின் தன்மையிலிருந்து நிருவாகம் வரை பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

முக்கிய நீர்நிலைகளின் இயல்பு

கிரகரி வாவி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், நகரின் ஓரத்திலேயே இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 91 ஹெக்டேயர். சுற்றிலும் நடைபாதை, பூங்கா, உணவுக் கடைகள், மட்டக்குதிரைச் சவாரி, அன்ன வடிவ மிதிபடகு, விசைப்படகு என எல்லாம் உண்டு. குடும்பமாகப் பொழுது கழிக்க மலைநாட்டில் மிகுந்த வசதியுள்ள நீர்க்கரை இதுதான். ஆனால் படகுகளின் நடமாட்டம், நகரிலிருந்து வடிந்து வரும் நீர், கடுங்குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்து நீந்துவதற்கு இதைப் பொருந்தாததாக்குகின்றன.

காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில், கிளைகிளையாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து கிடக்கிறது. நிறைந்தால் சுமார் 6 கோடி கனமீற்றர் நீர் கொள்ளும். 1878ஆம் ஆண்டைச் சேர்ந்த வோர்லி தேவாலயம் அதன் மேற்சரிவில் நிற்கிறது. பழைய துரைமார் பங்களாக்கள் சில இன்று உயர்விலை விடுதிகளாக அதன் கரையைப் பார்த்திருக்கின்றன. நீர்ப்பரப்பில் கடல்விமானங்களும் இறங்குவதுண்டு. உயரம் குறைந்ததால் நீர் நுவரெலியாவைவிட மிதமானது. அமைதியான சிறு குடாக்கள் பல இருப்பதால், மலைநாட்டில் முறையான குளிப்புத்துறை ஒன்றை அமைக்க வேண்டுமானால் முதலில் ஆராய வேண்டிய இடம் இதுவே.

மவுஸ்ஸாக்கலை காசல்ரீயைப் போல இருமடங்கு நீர் கொள்ளக்கூடியது. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பாதை இதன் கரையோரமாகப் போவதால், மார்கழி முதல் வைகாசி வரையான யாத்திரைக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இவ்வழியே செல்கின்றனர். மலையேறி இறங்கிய களைப்போடு நீரில் இறங்குவோர் உண்டு. மூழ்கிய கட்டடங்களும் மரக்கட்டைகளும் அடியில் இருப்பதும், கரைச் சரிவு செங்குத்தாக இருப்பதும் அங்கே கவனிக்க வேண்டியவை.

நோட்டன், கென்யோன், லக்ஷபான, மேல் கொத்மலை ஆகியவை அளவில் சிறிய தேக்கங்கள். மேல் கொத்மலையின் பயன்படு கொள்ளளவு ஏறத்தாழ 8 இலட்சம் கனமீற்றர் மட்டுமே. மின்நிலையம் முழு வலுவில் இயங்கினால் சில மணி நேரத்தில் அது வடிந்துவிடும். நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும் இத்தகைய தேக்கங்களில் இறங்கிக் குளிப்பது எக்காலத்திலும் தகாது. பட்டிப்பொல, அம்பேவல பக்கத்து மேட்டுநில நீர்த்தேக்கங்கள் நுவரெலியாவைப் போலக் கடுங்குளிர் நிறைந்தவை. அவை பார்த்து மகிழ்வதற்கு உரியவை.

கரையின் அமைப்பு

நீர்க்கரை என்றதும் தாழ்நிலத்து மக்களின் மனதில் எழுவது பாசிக்குடா போன்ற கடற்கரை. அங்கே மணல் மெல்லச் சரிந்து, முழங்கால் ஆழத்தில் நெடுந்தூரம் நடக்கலாம். வன்னியின் குளங்களும் தட்டையான நிலத்தில் அமைந்தவை. விளிம்பில் ஆழம் குறைவு. மலையக நீர்த்தேக்கத்தின் கரை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது நீருக்குள் போன ஒரு மலைச்சரிவு. 30 பாகை சாய்ந்த தேயிலை மலை ஒன்று மூழ்கினால், நீர்விளிம்பிலிருந்து 10 மீற்றர் தள்ளிய இடத்தில் ஆழம் ஏறத்தாழ 6 மீற்றர். 10 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்கும் மென்சரிவில் அதே தூரத்தில் நீர் பெரியவர் ஒருவரின் இடுப்பளவே வரும். குழந்தை கால் வைக்கும் அடுத்த அடியில் நிலம் இருக்குமா என்பதை இந்தச் சாய்வுதான் தீர்மானிக்கிறது.

மண்ணின் தன்மையும் துணைநிற்பதில்லை. வடஅமெரிக்காவின் தாஹோ ஏரி ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், அதாவது நுவரெலியாவின் உயரத்தில் இருக்கிறது. அங்கே புகழ்பெற்ற மணற்கரைகள் உண்டு. சுற்றியுள்ள கருங்கற்பாறை நெடுங்காலம் சிதைந்து பருமணலாகி, பெரிய ஏரியின் அலைகளால் கரையில் சேர்ந்ததே அதற்குக் காரணம். மத்திய மலைநாட்டின் பழம்பாறைகள் வெப்பத்திலும் பெருமழையிலும் ஆழமாகச் சிதைந்து செம்மண்ணாகவும் களியாகவும் மாறியிருக்கின்றன. நீர்த்தேக்கங்களின் வயதும் நூறாண்டைத் தொடவில்லை. நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. அதனால் அலைகள் மணலை அரித்துச் சேர்க்கும் நிலையான விளிம்பு உருவாகவில்லை. கரையில் கிடைப்பது களிமண், சரளை, தேயிலைக் கட்டை, பழைய கான்களின் கற்கள் ஆகியவையே.

நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் இன்னொரு சிக்கல். காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் தென்மேற்குப் பருவமழையில் நிரம்பி, வரட்சி மாதங்களில் மின்சாரத்துக்காக வடிக்கப்படுகின்றன. மாசி, பங்குனி, சித்திரையில் நீர் கீழே இறங்க, சுற்றிலும் வெற்று மண்பட்டை அகலமாக வெளிப்படும். வெயிலில் மேற்பரப்பு காய்ந்து உறுதியாகத் தோன்றினாலும் அடியில் சேறு ஈரமாகவே இருக்கும். ஓயாக்கள் வந்து விழும் முனைகளில் மலையிலிருந்து அரித்து வந்த வண்டல் படிந்து, கால் புதையும் இடங்கள் உருவாகின்றன. விடுமுறைக் கூட்டம் அதிகமாக வரும் சித்திரை மாதமே கரை மிகவும் மோசமாக இருக்கும் மாதமும் ஆகும்.

குளிரும் உயரமும்

கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகையை ஒட்டியது; காசல்ரீ உயரத்தில் அது 20 பாகை அளவாகவும் நுவரெலியாவில் 16 பாகை அளவாகவும் இருக்கிறது. வெப்பவலய மலைநீர்நிலைகளில் நீரின் குளிர்ச்சி அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியைப் பெரிதும் ஒட்டியே செல்லும். திறந்தவெளி நீச்சற் போட்டிகளுக்கு உலக நீச்சல் சம்மேளனம் விதித்துள்ள குறைந்தபட்ச நீர்வெப்பம் 16 பாகை. பயிற்சி பெற்ற வீரருக்கே எல்லையாகக் கொள்ளப்படும் அளவு, நுவரெலியாவின் சாதாரண நிலையாக இருக்கிறது. தை, மாசி இரவுகளில் அங்கே உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்டு.

குளிர்நீரில் சட்டென்று குதிப்பவருக்கு முதலில் நேர்வது மூச்சுத் திணறல். உடல் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் நீர் போகும். அடுத்த சில நிமிடங்களில் கைகால் தசைகள் விறைத்து, நீந்தத் தெரிந்தவரும் சோர்ந்துபோகிறார். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகத்தில் உடல் சூட்டைக் கடத்திச் செல்வதே காரணம். எடைக்கு ஏற்ற தோற்பரப்பு அதிகமாக இருப்பதால் குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்ந்துவிடுவர். உதடு நீலம் பாய்வதும் பேச்சுத் தடுமாறுவதும் உடனே கரையேற்ற வேண்டிய அறிகுறிகள்.

கடலில் பழகியவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று மிதப்பு. நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 வீதம் குறைவு. அதே உடல் இங்கே சற்று ஆழமாக அமிழும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே என்பதால், கீழ்நாட்டிலிருந்து அன்று காலை வந்தவருக்கு விரைவில் மூச்சு வாங்கும். குளிரான காற்று வெயிலை மறைத்துவிடுவதும் கவனிக்கத்தக்கது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர்கள் ஏறத்தாழ 10 வீதம் கூடுகின்றன. சூடு தெரியாமலே குழந்தைகளின் தோல் கருகிப்போவது இதனால்தான்.

மழையும் அணையும்

வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவில் நேரடியாக விழுகிறது. ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளை ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடம். அக்காலத்தில் நீர்த்தேக்கங்கள் நிரம்பி வான் பாயும். கென்யோன், லக்ஷபான, மேல் கொத்மலை போன்றவற்றின் வான்கதவுகள் திறக்கப்படும். அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் அமர்ந்திருப்போருக்கு நீர் திடீரென உயர்வது பெரும் ஆபத்து. மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும் இடத்தில் வெள்ளமாக வந்து சேரும். கரையோரச் சரிவுகளில் மண்சரிவு அபாயமும் அக்காலத்தில் கூடுகிறது.

பங்குனி, சித்திரை, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் மழை வழமையானது. காலை நீலமாக இருந்த வானம் பகல் இரண்டு மணிக்குள் இருண்டுவிடும். திறந்த நீர்ப்பரப்பில் நிற்பவரும் படகில் இருப்பவரும் மின்னலுக்கு இலகுவில் இலக்காவர். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நீர்க்கரைப் பயணத்துக்கு உகந்தவை தை முதல் சித்திரை வரையான மாதங்கள். நேரம் காலை ஒன்பது முதல் நண்பகல் ஒரு மணி வரை. கரைச் சேற்றைத் தவிர்க்க, மேற்குறித்த மாதங்களுள் நீர் இன்னும் பெரிதாக இறங்காத தை மாதமே மேல்.

நீரின் தூய்மை

கிரகரி வாவியின் நீர்பிடி பகுதியில் ஒரு நகரம் முழுதும் அடங்குகிறது. விடுதிகளின் கழிவுநீர், சாலை வடிகால், உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் பயிராகும் காய்கறித் தோட்டங்களின் பசளையும் மருந்தும், எல்லாம் சரிவு வழியே வாவியைச் சேரக்கூடியவை. நைதரசனும் பொசுபரசும் மிகுந்தால் பாசி பெருகும். அவற்றுள் நீலப்பச்சைப் பாசியின் சில இனங்கள் நச்சுப் பொருளை வெளியிடும். வாவியில் பாசியும் வண்டலும் சேர்வதும், தூர்வாரிச் சுத்திகரிப்பதும் மாறி மாறி நிகழ்ந்து வருகின்றன. ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கங்களில் நகரக் கழிவு ஒப்பளவில் குறைவு. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் போதிய கழிவறை வசதி இல்லாத இடங்களின் கழிவும், தேயிலைக்கு இடும் உரமும், கரையில் நிகழும் விருந்துகளின் பிளாஸ்ரிக்கும் போத்தலும் அங்கே போய்ச் சேர்கின்றன. எலிக்காய்ச்சல் தேங்குநீர் வழியே பரவக்கூடியது. காலில் புண் உள்ளவர் இறங்காதிருப்பது நல்லது.

குளிக்கத்தக்க நீர் எது என்பதை அளந்து சொல்லும் முறைகள் உலகில் நிலைபெற்றுவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிப்படி, உள்நாட்டு நீர்நிலையொன்று மிகச் சிறந்த தரம் பெற வேண்டுமானால் 100 மில்லிலீற்றரில் ஈ-கோலை கிருமி எண்ணிக்கை 500ஐத் தாண்டக்கூடாது. முடிவுகள் கரையிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் பொழுதுபோக்கு நீரின் தரம் பற்றிய வழிகாட்டியை 2021இல் புதுப்பித்தது. மலையகக் கரைகளிலும் இத்தகைய அளவீட்டுப் பலகை இருந்தால், இறங்கலாமா என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை.

கெட்ட ஏரி மீளவும் முடியும். பிரான்சின் அன்சி ஏரி கழிவுநீரால் சீரழிந்தபோது, சுற்றியுள்ள ஊராட்சிகள் 1957இல் ஒரே அமைப்பாகச் சேர்ந்தன. ஏரியைச் சுற்றிக் கழிவுநீர்க் குழாய் அமைத்து, ஒரு துளி கழிவும் ஏரிக்குள் விழாதபடி வெளியே கொண்டுசென்று சுத்திகரித்தன. இன்று அது ஐரோப்பாவின் தூய ஏரிகளில் ஒன்றாகவும் குடும்பங்கள் குளிக்கும் கரைகள் நிறைந்ததாகவும் இருக்கிறது. நுவரெலியா கற்க வேண்டிய பாடம் இது: பாசியை அள்ளுவதைவிடப் பாசிக்குத் தீனி போகும் வழியை அடைப்பதே நிலையான தீர்வு.

குளிக்கும் வழக்கமும் நீந்தும் திறனும்

தோட்டத்து மக்களின் குளியல் பீலிக்கரையைச் சார்ந்தது. ஊற்றுநீரைக் குழாய் வழி இறக்கிவிடும் பீலியின் கீழே நின்று குளிப்பதும், சிற்றாற்றில் முங்கி எழுவதும் வழக்கம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னும் கொழுந்து நிறுத்து வந்த பின்னும் பெண்கள் கூடிப் பேசும் இடமாகவும் பீலிக்கரை இருந்து வந்தது. அருவிக் குளியலும் பழக்கமானதே. ஆழநீரில் நீந்தும் தேவை அந்த வாழ்க்கையில் இருக்கவில்லை. ஆறுகளை அணைகள் மறித்து, முற்றத்துக்கு எதிரிலேயே பெருநீர் வந்து நின்றபோதும் நீச்சல் கற்பிக்கும் ஏற்பாடு உடன் வரவில்லை. மலையகப் பாடசாலைகளில் நீச்சற்குளம் அரிது. நீரருகே வாழும் பிள்ளைகள் நீந்தத் தெரியாமல் வளரும் நிலைக்கு இதுவே காரணம்.

இதன் விளைவு துயரமானது. விடுமுறை நாளில் நண்பர்களோடு நீராடச் சென்ற இளைஞர் மூழ்கினார், காப்பாற்றக் குதித்தவரும் மூழ்கினார் என்ற செய்தி மலையகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. இலங்கை முழுவதும் ஆண்டுதோறும் பல நூறு பேர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் இவ்வாறு உயிரிழந்தனர். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இது தடுக்கக்கூடிய மரணம் என்பதை உணர்த்தவே யூலை 25ஆம் நாளை ஐக்கிய நாடுகள் சபை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக 2021இல் அறிவித்தது.

பிற மலைநகரங்களின் அனுபவம்

தமிழ்நாட்டின் மலைநகரங்களும் இதே வரலாற்றைக் கொண்டவை. உதகை ஏரியை 1820களில் ஜோன் சலிவன் அமைத்தார். கொடைக்கானல் ஏரியை 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கினார். இரண்டும் படகுக்கும் கரையோர நடைக்கும் உரிய ஏரிகளாகவே வளர்ந்தன. நீரில் இறங்கும் ஆசையைக் குற்றாலம் போன்ற அருவிகள் நிறைவேற்றுகின்றன; அங்கே வெள்ளம் மிகும்போது குளிக்கத் தடை விதிப்பதும், தணிந்ததும் அனுமதிப்பதும் நடைமுறையாக இருக்கின்றன. காவலும் அறிவிப்பும் இருந்தால் ஆபத்தான நீரிலும் மக்கள் கட்டுப்பாட்டோடு குளிக்க முடியும் என்பதற்குக் குற்றாலம் சான்று.

இலங்கையிலேயே இன்னொரு வழியும் காணப்படுகிறது. மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ தோட்டப்பகுதியில் உள்ள செம்புவத்தை ஏரி, ஊற்றுநீரைத் தேக்கி அமைத்தது. ஆழமான ஏரி படகுக்கும் காட்சிக்கும் விடப்பட்டிருக்க, அதே நீரால் நிரம்பும் தனியான குளியல் தடாகம் அருகில் அமைக்கப்பட்டுள்ளது. ஆழம் தெரிந்த, எல்லை தெரிந்த, தரை உறுதியான இடத்தில் மலைநீரின் இன்பம் கிடைக்கிறது. தேயிலைத் தோட்டச் சூழலுக்கு மிகவும் பொருந்தும் முன்மாதிரி இதுவே.

செய்யத்தக்கவை

பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடப்பது முதல் தடை. நீர்த்தேக்கத்தின் நீரும் அணையும் இலங்கை மின்சார சபையின் பொறுப்பு. மேலே உள்ள தோட்டங்கள் 1992 முதல் தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்தில் உள்ளன. பாதையும் குப்பையும் மாநகர, நகர, பிரதேச சபைகளின் பணி. ஆபத்து நேர்ந்தால் வருவது பொலிஸாரும் கடற்படைச் சுழியோடிகளும் ஊர் இளைஞர்களும். ஒவ்வொருவரும் எச்சரிக்கைப் பலகை ஒன்றை நட்டதோடு நிறுத்தினால் கரை யாருக்கும் உரியதாக ஆகாது. ஒரு நீர்த்தேக்கத்துக்கு ஒரு கூட்டுக்குழு என்ற ஏற்பாடு வேண்டும்.

அக்குழு எல்லாக் கரையையும் திறக்க வேண்டியதில்லை. அணை, வான்கதவு, ஓயா முனை, படகுத்துறை ஆகியவற்றிலிருந்து விலகிய ஓரிரு குடாக்களைத் தேர்ந்தால் போதும். அங்கே சரிவை மட்டப்படுத்திச் சரளை பரப்பலாம்; நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைத் தளத்தால் சூழ்ந்த, அடித்தட்டுள்ள குளியல் கூடு அமைக்கலாம்; இடவசதி உள்ள இடத்தில் செம்புவத்தையைப் போலத் தனித் தடாகம் கட்டலாம். ஆழ அளவுகோல், மிதவைக் கயிறு, எறிவளையம், பெண்களுக்கு உடைமாற்றும் அறை, கழிவறை, குப்பைத் தொட்டி ஆகியவை அடிப்படைத் தேவைகள். உயிர்காப்பாளர் இருக்கும் நேரம் மட்டுமே குளிக்கும் நேரம் என்ற விதி எல்லாவற்றுக்கும் மேலானது.

உயிர்காப்பாளர்களாகத் தோட்டத்து இளைஞர்களையும் யுவதிகளையும் பயிற்றுவிப்பது இரட்டை நன்மை தரும். நீரின் குணம் அறிந்தவர்கள் கரையில் நிற்பார்கள். கொழும்புக்குப் போய் உழைக்க வேண்டிய பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் மதிப்பான தொழில் கிடைக்கும். அதே தடாகத்தில் வாரநாட்களில் அயற்பாடசாலை மாணவர்களுக்கு நீச்சல் கற்பிக்கலாம். தாத்தா பாட்டியின் நிலமும் ஊரும் மூழ்கிய நீரில், பேரப்பிள்ளைகள் அச்சமின்றி நீந்தக் கற்பது அந்த இழப்புக்குச் செய்யக்கூடிய மிகக் குறைந்த ஈடு.

குடும்பங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

இத்தகைய துறைகள் அமையும் வரை, கிரகரி வாவியிலும் சிறு மின்தேக்கங்களிலும் நீரில் இறங்காதிருப்பதே சரி. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலைக் கரைகளில் தடை அறிவிப்பு இருந்தால் அதை மதிக்க வேண்டும். ஊரார் வழமையாகக் கால் நனைக்கும் இடத்தைக் கேட்டறிந்து, முழங்கால் ஆழத்துக்கு அப்பால் போகாமல் இருக்க வேண்டும். ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகக் குதிப்பது கழுத்தெலும்பை முறிக்கும். பிள்ளைகள் நீரருகே இருக்கும்போது பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்பதும், அவர் அந்நேரம் தொலைபேசியைத் தொடாதிருப்பதும் கட்டாயம். மது அருந்தியவர் நீரில் இறங்கலாகாது. படகில் ஏறும் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும்.

ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, மூங்கில், சேலை, மூடிய வெற்றுப் பிளாஸ்ரிக் கலன் எதையாவது எறிந்தோ நீட்டியோ இழுக்க வேண்டும். உடனே உதவிக்குக் குரல் கொடுத்து, இலவச அம்புலன்ஸ் சேவையான 1990ஐ அழைக்க வேண்டும். கரையேறியவர் மூச்சின்றி இருந்தால் செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தாமதமின்றித் தொடங்க வேண்டும். உலர்ந்த துணி, போர்வை, சூடான தேநீர், அட்டைக்கடிக்கு உப்பு ஆகியவை மலைக்கரைப் பயணப் பையில் இருக்க வேண்டியவை. கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

மலையக நீர்நிலைகள் இன்றைய நிலையில் கண்ணுக்கும் படகுக்கும் உரியவை. நீச்சலுக்கு உரியவையாக அவற்றின் ஒரு சில குடாக்களை மாற்ற முடியும். அதற்குப் பெருஞ்செலவைவிட, மின்சார சபையும் தோட்டக் கம்பனிகளும் உள்ளூராட்சி சபைகளும் ஒரே மேசையில் அமரும் மனமே முதலில் தேவை. காசல்ரீயில் காவலுள்ள ஒரு குளிப்புத்துறையும், அதையொட்டி ஒரு நீச்சற் பள்ளியும் அமைப்பதிலிருந்து அந்தப் பணி தொடங்கட்டும்.